மூன்று ஊசி போட்டவருக்கும் கொரோனா ஏன் வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் காய்ச்சல், இருமல் பற்றி எழுதும்போது, "உருமாறிய கொரோனா நம் எதிர்ப்பாற்றலுக்கு டிமிக்கி கொடுத்துவிடுகிறது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். அது எப்படி டிமிக்கி கொடுக்கும், யாருக்கு, எவ்வளவு தூரம் என்று அம்பையிலிருந்து வள்ளியூர் வரை கேட்டிருக்கிறீர்கள். எனவே இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

எங்க அம்மா பீடி சுற்றுகிறவங்க. வயது 67, சர்க்கரை இருக்கிறது. கோவிஷீல்டு மூன்று ஊசியும் போட்டாச்சு. நடுவில் ஒருமுறை கொரோனா வந்தும் போய்விட்டது. இவ்வளவுக்கும் பிறகு மறுபடி வந்தது. நாலு நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது என்றாலும், "அப்போ ஊசி போட்டது தண்டம்தானே" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அவர் சொல்வது சரியா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

தண்டம் இல்லை. ஆனால் அண்ணாச்சி ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை, ஊசி போட்டும் தொற்று வருவது உண்மைதான், அது ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கொரோனா வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பதுதான் ஸ்பைக் புரதம். 1273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி ஒன்று, அப்படி மூன்று சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு முள். அதன் நுனியில் சுமார் 220 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. நம் மூக்கு, தொண்டை, நுரையீரல் செல்களின் மேல் இருக்கும் ஏசிஇ2 என்ற ஏற்பியைப் பிடிப்பது அந்தப் பகுதிதான். பிடித்தால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். ஊசி போட்ட பிறகும், நோய் வந்து போன பிறகும் நம் உடம்பு கிருமியை எதிர்க்கும் புரதங்களை, அதாவது பலவகை ஆன்டிபாடிகளைச் செய்து வைக்கிறது. அவற்றில் நுழைவைத் தடுக்கும் ஆற்றல் உள்ளவை பெரும்பாலும் இந்த நுனியில்தான் போய் ஒட்டும். ஒட்டிக்கொண்டால் ஏசிஇ2-வைப் பிடிக்க இடம் இருக்காது, தொற்று அங்கேயே நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஆன்டிபாடியும் முள் முழுவதையும் பார்ப்பதில்லை. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று "இடது கன்னத்தில் மச்சம்", "வலது முழங்காலில் தழும்பு" என்று எழுதுவார்களே, அப்படி ஓர் ஆன்டிபாடிக்கு ஓர் அடையாளம்தான் தெரியும். மச்சம் தெரிந்த ஆன்டிபாடி, மச்சம் இல்லாமல் வருகிற முள்ளை விட்டுவிடும். தழும்பு தெரிந்தது அப்போதும் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்குப் போட்ட கோவிஷீல்டு, வூகானில் முதலில் பரவிய வைரஸின் ஸ்பைக்கை வைத்துச் செய்தது. மூன்று முறையும் அதே மருந்துதான். கோவாக்சினும் 2020-ல் எடுத்த வைரஸைக் கொண்டு செய்ததே. ஆனால் 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமைக்ரான், ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் மாறியிருந்தது, அதில் கிட்டத்தட்ட பாதி அந்த நுனிப் பகுதியில். ஒரே நேரத்தில் இத்தனை அடையாளம் மாறிவிட்டதால் பழைய ஆன்டிபாடிகளில் பெரும்பகுதிக்கு அதைத் தெரியாமல் போயிற்று. போதாததற்கு மாதங்கள் போகப்போக ஆன்டிபாடியின் அளவும் இரத்தத்தில் குறையும். இரண்டும் சேர்ந்ததால்தான் மறுபடி தொற்று.

சரி, நாலு நாளில் ஏன் சரியானது? அங்கேதான் அண்ணாச்சி கணக்கில் எடுக்காத டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வருகின்றன. இவற்றுக்கு முள்ளின் வடிவம் பற்றிக் கவலையே இல்லை. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால், அந்த செல் வைரஸின் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கித் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டும்; டி செல் அந்தத் துண்டைப் பார்த்து, தொற்றிய செல்லையே அழித்துவிடும். துண்டுகள் புரதத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம், நுனியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. எந்தத் துண்டைக் காட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அது நம் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களைப் பொறுத்தது. உங்கள் அம்மாவின் டி செல் பார்க்கிற துண்டு வேறு, அண்ணாச்சியின் டி செல் பார்க்கிற துண்டு வேறு. ஊரில் உள்ள எல்லோருடைய டி செல்லையும் ஏமாற்ற வேண்டும் என்றால் வைரஸ் தன்னையே முழுக்க மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஒமைக்ரான் வந்தபோது கேப் டவுன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களிடமும் முன்பே நோய் வந்தவர்களிடமும் ஸ்பைக்குக்கு எதிரான டி செல் செயல்பாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை அப்படியே வேலை செய்தது.

ஆக, மூக்குக்குள் நுழைவதைத் தடுக்கிற காவல் எளிதில் ஏமாறும், நுரையீரலைக் காக்கிற காவல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் "ஊசி தண்டம்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை என்பதை மறக்காமல் முதல் இரண்டு நாளிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்த இடத்தில் மாறினால் தப்பிக்கலாம் என்று மூளையே இல்லாத வைரஸுக்கு எப்படித் தெரியும் சார்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பாளையங்கோட்டை

தெரியாது தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் "வைரஸ் புத்திசாலித்தனமாகத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று செய்தியில் எழுதி எழுதி நாமும் அப்படியே நம்பிவிட்டோம்.

இந்த வைரஸின் மரபுச் சரம் ஏறக்குறைய 30,000 எழுத்து நீளம். ஆர்என்ஏ வைரஸ்களில் பெரியவற்றில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு முறை பெருகும்போதும் அத்தனையையும் பிரதி எடுக்க வேண்டும், எடுக்கும்போது பிழை விழும். கொரோனா குடும்பத்துக்குப் பிழை திருத்தும் ஒரு புரதம் இருப்பதால் ஃப்ளூ வைரஸைவிட இது மெதுவாகத்தான் மாறும். ஆனாலும் தொற்றிய ஓர் ஆளின் உடம்பில் கோடிக்கணக்கான பிரதிகள் உருவாகின்றனவே! பிழை எங்கே விழும் என்பதற்குக் கணக்கே கிடையாது, பெரும்பாலான பிழைகள் வைரஸையே முடமாக்கிவிடும், அல்லது ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒரு பிழை, ஓர் ஆன்டிபாடி ஒட்டுகிற இடத்தில் விழுந்துவிடும்.

2020-ல் அப்படிப்பட்ட பிழையால் பெரிய ஆதாயம் இல்லை. யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத உலகத்தில் ஆன்டிபாடியிடமிருந்து தப்பி என்ன பயன்? வேகமாகப் பரவத் தெரிந்ததுதான் அன்று ஜெயித்தது. ஸ்பைக்கின் 614-ஆவது இடத்தில் வந்த மாற்றம் சில மாதங்களில் உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான். 2021 முடிவதற்குள் பாதி உலகம் நோயாலோ ஊசியாலோ ஆன்டிபாடி பெற்றுவிட்டது. அப்புறம்தான் தப்பிக்கும் பிழைகளுக்கு மவுசு வந்தது. ஆன்டிபாடி பழையதைத் தடுத்துவிடும், மாறியது தடுக்கப்படாமல் அடுத்த ஆளுக்குப் போகும், அவ்வளவுதான் விஷயம். சலித்தெடுப்பது நம் உடம்பு, வைரஸ் வெறுமனே பிழை செய்துகொண்டிருக்கிறது.

இது ஒரே உடம்புக்குள் நடப்பதையே பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ரவீந்திர குப்தாவின் குழு, எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த ஒரு நோயாளியை நூறு நாளுக்கு மேல் பின்தொடர்ந்தது. வைரஸ் அவர் உடம்பை விட்டுப் போகவே இல்லை. முதல் இரண்டு மாதம் ஸ்பைக்கில் பெரிய மாற்றம் இல்லை. குணமானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது ஆன்டிபாடி நிறைந்த இரத்த நீரை ஏற்றிய பிறகு, 69, 70 ஆகிய இடங்கள் காணாமல் போன, 796-ல் மாறிய ஒரு வகை மேலே வந்தது. பிளாஸ்மாவின் தாக்கம் குறைந்தபோது அதுவும் குறைந்தது, மறுபடி ஏற்றியபோது மறுபடி வந்தது. ஆன்டிபாடிதான் அதைச் சலித்தெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? 2021 பிப்ரவரியில் வெளியான அந்தக் கட்டுரையை உயிரியல் படிக்கப் போகிறாய் என்றால் தேடிப் படி.

இன்னொன்றும் சொல்கிறேன். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 2021-ல், ஒரு நல்ல ஆன்டிபாடிக் கூட்டத்திடமிருந்து பெருமளவு தப்பிக்க ஸ்பைக்கில் எத்தனை மாற்றம் வேண்டும் என்று பார்ப்பதற்காக, 20 மாற்றங்களைச் சேர்த்து ஒரு செயற்கை ஸ்பைக்கைச் செய்தார்கள். முழு வைரஸ் இல்லை, தீங்கு செய்யாத வேறொன்றின் மேல் அந்த முள்ளை மட்டும் பொருத்தி. அவ்வளவு மாற்றம் தேவைப்பட்டதால், இயற்கையில் இது சுலபமாக நடக்காது என்று பலருக்கும் நிம்மதி. அதே ஆண்டு முடிவதற்குள் ஒமைக்ரான் முப்பதுக்கு மேல் மாற்றங்களோடு வந்து நின்றது.

இ484கே, என்501ஒய் என்றெல்லாம் செய்தியில் வருகிறதே, கார் நம்பர் மாதிரி இருக்கிறது. இதில் என்ன பொருள்?
– வாசகர், சேரன்மகாதேவி

நடுவில் இருக்கும் எண், 1273 இடங்களில் எந்த இடம் என்று சொல்கிறது. முன் எழுத்து அங்கே முதலில் இருந்த அமினோ அமிலம், பின் எழுத்து இப்போது வந்து உட்கார்ந்திருப்பது.

484-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தது குளுட்டாமிக் அமிலம், எதிர்மின்சுமை உள்ளது. வந்தது லைசின், நேர்மின்சுமை உள்ளது. மின்சுமையே தலைகீழாக மாறிவிட்டது, அதனால் அந்த இடத்தில் மின்கவர்ச்சியால் ஒட்டிய ஆன்டிபாடிகளுக்குப் பிடி போயிற்று. தென்னாப்பிரிக்காவின் பீட்டா, பிரேசிலின் காமா என்ற இரண்டு திரிபுகளும் (உருமாறிய வகைகளும்) ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இதே மாற்றத்துக்கு வந்து சேர்ந்தன. பாம்லனிவிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து இந்த மாற்றத்தின் முன்னால் செயலிழந்தது. அதைத் தனியாகக் கொடுப்பதற்கான அவசர அனுமதியை 2021 ஏப்ரலில் அமெரிக்கா திரும்பப் பெற்றுக்கொண்டது.

417-ல் வந்த மாற்றம் இன்னும் சுவாரசியமானது. அது சில ஆன்டிபாடிகளைத் தவிர்க்க உதவும், ஆனால் ஏசிஇ2-வைப் பிடிக்கிற பலத்தையும் குறைத்துவிடும். ஒளிய வேண்டுமானால் பிடி தளரும், பிடி இறுக வேண்டுமானால் மாட்டிக்கொள்ளும் என்ற இக்கட்டு. இதிலிருந்து ஒமைக்ரானை மீட்டது 501-லும் 498-லும் வந்த மாற்றங்கள், இரண்டும் சேர்ந்தால் ஏசிஇ2-வின் மேல் பிடி பலமாகிறது, வேறு இடங்களில் இழந்ததை அது ஈடுகட்டிவிடுகிறது. இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் மாற்றங்கள் சேர்ந்து வருவதால்தான் ஒரு மாற்றத்தை மட்டும் வைத்து எந்தத் திரிபையும் எடைபோட முடிவதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு, பலரும் இதைப் பேசுவதில்லை. ஸ்பைக்கின் ஒவ்வொரு சங்கிலியிலும் 22 இடங்களில் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கும். அந்தச் சர்க்கரையைச் செய்து கொடுப்பது நம் செல்கள்தான், அதனால் நம் உடம்பு அதை வெளியாளாகப் பார்ப்பதில்லை. முள்ளின் கணிசமான பகுதி இந்தப் போர்வைக்குக் கீழே மறைந்திருக்கிறது.

புதுத் திரிபு வந்தால் பழைய டெஸ்ட் கிட்டில் தெரியாமல் போய்விடுமா?
– மருந்துக்கடை ஊழியர், மேலப்பாளையம்

பெரும்பாலும் போகாது. வீட்டில் செய்கிற துரித சோதனை தேடுவது ஸ்பைக்கை இல்லை, வைரஸின் உள்ளே இருக்கும் 'என்' (N) என்ற புரதத்தை. ஆர்டி-பிசிஆர் சோதனையும் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களைப் பார்க்கிறது. ஸ்பைக்கில் 69, 70 இடங்கள் இல்லாத ஆல்ஃபா திரிபு வந்தபோது சில கிட்களில் ஸ்பைக் மரபணு மட்டும் தெரியாமல், மற்றவை தெரிந்தன. அந்தக் குறையையே அடையாளமாக வைத்துத்தான் இங்கிலாந்தில் ஆல்ஃபா எங்கெங்கே பரவுகிறது என்று கண்டுபிடித்தார்கள். முதல் ஒமைக்ரானுக்கும் அதே வழி உதவியது.

தட்டம்மை ஊசி சின்ன வயதில் போட்டால் காலத்துக்கும் போதும். கொரோனாவுக்கு மட்டும் ஏன் இப்படி? ஊசி செய்வதில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

கோளாறு இல்லை டீச்சர், நோய் வேறு. இப்போதும் உலகம் முழுக்கப் போடுகிற தட்டம்மை ஊசிகளில் பலவும் 1954-ல் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்தவை. அத்தனை ஆண்டு கழித்தும் அவை வேலை செய்கின்றன, ஏனென்றால் தட்டம்மை வைரஸின் மேற்பரப்புப் புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டுகிற முக்கியமான இடங்களும், அது நம் செல்லைப் பிடிக்கிற இடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மாறினால் பிடிக்கவே முடியாமல் போகும். கொரோனாவின் நுனி நிறைய மாற்றங்களைத் தாங்குகிறது.

இரண்டாவது காரணம் நேரம். தட்டம்மை உடம்புக்குள் நுழைந்து, நிணநீர் வழியாக உடம்பெல்லாம் சுற்றி, தடிப்பு எழும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள், முன்பு பார்த்த கிருமியை மறக்காமல் வைத்திருக்கும் நம் நினைவு செல்கள் விழித்து, ஆன்டிபாடி செய்து, கதையை முடித்துவிடும். ஒமைக்ரானுக்கு மூன்று நாள் போதும். நினைவு செல்கள் தயாராகி வருவதற்குள் தொண்டை வலிக்கத் தொடங்கிவிடும், ஆனால் நோய் நுரையீரலில் முற்றுவதற்குள் அவை வந்துவிடும். உங்கள் வீட்டில் ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சலோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், சாதாரணச் சளி தருகிற பழைய கொரோனா வைரஸ்கள் உண்டு. அதில் 229இ என்ற ஒன்றை ஆராய்ந்தபோது, 1980-களில் சேமித்த மனித இரத்த மாதிரி அந்தக் கால வைரஸைத் தடுத்தது, பல ஆண்டு கழித்து வந்த அதன் வாரிசுகளை அவ்வளவாகத் தடுக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கே அந்தப் பழக்கம் இருக்கிறது.

கேரளாவில் புதிதாக ஒன்று வந்தது என்று டிவியில் சொன்னால் எங்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாளே புளியரை சோதனைச்சாவடி தாண்டி வந்துவிடும். நன்றாகத் தப்பிக்கத் தெரிந்த திரிபு என்றால் 2021 மே மாதம் மாதிரி மறுபடி வருமா?
– லாரி உரிமையாளர், செங்கோட்டை

உங்கள் பயம் புரிகிறது. அந்த மே மாதம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து ராக்கெட்டுக்கு வேண்டிய வசதியில் தயாரித்த திரவ ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டிய நிலைமை, அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கப் போவதில்லை. ஆனால் அன்று வந்த டெல்டா, தப்பிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரத் திரிபு இல்லை. 452-ல் வந்த மாற்றத்தால் ஓரளவு ஆன்டிபாடியைத் தவிர்த்தது, உண்மை. அதன் பெரிய பலம் 681-ல் இருந்தது. ஸ்பைக்கை நறுக்கித் தயார்படுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்த அந்த மாற்றம், செல்லோடு கலப்பதை வேகப்படுத்தியது. ஊசி போட்டவர்கள் குறைவாக இருந்த நேரத்தில் அது வந்ததுதான் நம்மை நொறுக்கியது.

2023 டிசம்பரில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கண்டறிந்த ஜேஎன்.1 என்ற ஒமைக்ரான் வழித் திரிபை எடுத்துக்கொண்டால், தப்பிப்பதில் டெல்டாவைவிடப் பல படி மேல். தன் தாயான பிஏ.2.86-இலிருந்து ஸ்பைக்கில் 455-ஆவது இடத்தில் மட்டும் மாறி, அந்த ஒரு மாற்றத்தால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனாலும் 2021 போல மருத்துவமனைகள் நிரம்பவில்லை, ஏனென்றால் அதற்குள் நம் எல்லோருக்கும் ஊசியாலும் நோயாலும் டி செல்களும் நினைவு செல்களும் உருவாகியிருந்தன. எவ்வளவு தப்பிக்கிறது, எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்ற இரண்டும் தனித்தனி விஷயம். டிவியில் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள், நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

கபசுரக் குடிநீர் குடித்தால் உருமாறிய வைரஸும் வராதா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

எந்தத் திரிபையும் அது உள்ளே வராமல் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்த பிறகு அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

என் மச்சானுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் உடம்பில்தான் புது கொரோனா உருவாகிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்களே வீட்டுக்கு வரத் தயங்குகிறார்கள். அவரும் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். என்ன செய்ய?
– வாசகி, வள்ளியூர்

படிக்கவே மனசு கனக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குத் தொற்று நீண்ட நாள் நீடிக்கலாம், அப்போது வைரஸ் நிறைய மாறலாம், மேலே பாளையங்கோட்டைத் தம்பிக்கு எழுதியதும் அதுதான். ஆனால் இது தொற்று வந்து, போகாமல் தங்கிவிட்டால் மட்டும் நடப்பது. தொற்றே இல்லாத உங்கள் மச்சானிடமிருந்து யாருக்கும் எதுவும் வராது. உறவினர்கள் பயப்பட வேண்டிய திசை வேறு, அவர்கள் கொண்டுவரும் இருமல்தான் அவருக்கு ஆபத்து.

அவருக்குச் செய்ய வேண்டியது இதுதான். ஊசி எப்போது, எது போடலாம் என்று சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள், கூடவே வீட்டில் உள்ள மற்றவர்களும் போட்டுக்கொண்டால் அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு. ஆன்டிபாடி மருந்துகள் ஸ்பைக் மாறமாற ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போயின, ஆனால் நிர்மாட்ரெல்விர் மாத்திரையும் ரெம்டெசிவிர் ஊசியும் ஸ்பைக்கைத் தொடுவதே இல்லை. வைரஸ் உள்ளே பெருகுவதற்கு வேண்டிய வேறு புரதங்களைத்தான் அவை முடக்குகின்றன, அதனால் ஸ்பைக் எவ்வளவு மாறினாலும் அவை வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை: நிர்மாட்ரெல்விரோடு சேர்த்துக் கொடுக்கும் ரிட்டோனாவிர், மாற்று சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் அபாயகரமாக ஏற்றிவிடும். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். காய்ச்சல் வந்த அன்றே சோதனை செய்து, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பழைய மாத்திரைகளை அவராக நிறுத்தவும் கூடாது.

வெளியே வருவதை நிறுத்த வேண்டியதில்லை. கூட்டமான இடத்தில், பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில் நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். இருமல், சளி இருக்கிற சொந்தக்காரர்களை ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். மற்றவர்கள் தாராளமாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும்.